ராசாவின் இலைக்குப்பை

ஜூன் 9, திங்கள்

தை மாதம் நிச்சயதார்த்தத்தன்று மச்சினன் கொடுத்த சிமெண்ட் கடை டைரி இத்தனை நாளாகச் சும்மா கிடந்தது. நல்ல காகிதம். எதுவும் வீணாவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. ஆகவே இன்று முதல் எழுதுகிறேன்.

பெயர் தணிகாசலம். வயது நாற்பத்து மூன்று. கூவத்தூரைத் தாண்டிக் கடலோரம் இருக்கும் ஊர்வனப் பூங்காவில் முதலைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. போன மாதம் கல்யாணம் ஆனது. மனைவி பெயர் புனிதவல்லி. மதுராந்தகத்துப் பெண், தையல் வேலை, என்னைவிட நாலு வயது இளையவள். இவர்களுக்கு இனிமேல் எங்கே என்று இரண்டு ஊரும் முடிவு செய்துவிட்ட பிறகு நடந்த கல்யாணம்.

என் பொறுப்பில் இருக்கும் அடைப்புகளில் இலை போட்டுச் சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம் என்று பூங்காவில் சொல்வார்கள். யாரும் சாப்பிட்டதில்லை, ஆனால் சொல்வார்கள். என் வீடும் அப்படித்தான். அம்மா போனபின் பதினோரு வருஷம் தனியாக இருந்தேன். வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்கும்.

ஜூன் 12, வியாழன்

ராசாவின் அடைப்பில், சுவர் மூலையில், இலைக்குப்பை. கூட்டி எடுத்தேன்.

ஜூன் 13, வெள்ளி

மறுபடியும். இலையோடு ஈர மண்ணும் சேர்ந்து கிடந்தது. கூட்டினேன்.

ஜூன் 15, ஞாயிறு

ராசாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பூங்காவுக்கு வருகிறவர்கள் பெரிய முதலைகளைப் பார்க்க ஓடுவார்கள். போகிற வழியில் ராசாவின் சுவர் மேல் எட்டிப் பார்த்து, "ஐய, குட்டி" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். குட்டி இல்லை. அந்த இனத்தின் அளவே அவ்வளவுதான். கெய்மன் என்று பலகையில் எழுதியிருக்கிறது, நாங்கள் குட்டை முதலை என்போம். தென் அமெரிக்கக் காட்டு ஓடைகளில் வாழ்கிற இனம். வாலோடு சேர்த்து நாலு அடி இருக்கும்.

அளவு சிறியதே தவிர உடம்பு முழுக்கக் கவசம். முதுகைத் தடவினால் பலாப்பழம் தடவியது போல இருக்கும், அத்தனை முடிச்சும் எலும்பு. மற்ற முதலைகளுக்கு வயிறு மென்மை, இதற்கு வயிற்றிலும் எலும்புத் தகடு. கண் இமைகூட எலும்புதான். முகம் நீளமாக இல்லாமல் நாய் முகம் போலக் கொஞ்சம் மேடாக இருக்கும். கண் டீ டிகாக்ஷன் நிறம். பெரிய விலங்குகள் நிறைந்த காட்டில் சின்ன உடம்போடு பிழைக்க வேண்டுமே, அதற்குத்தான் இத்தனை ஏற்பாடு.

குணம் என்று பார்த்தால் கூச்சம். ஆள் நிழல் தெரிந்தால் சிமெண்ட் குழாய்க்குள் பின்புறமாகவே போய்விடும். ஒன்பது வருஷத்துக்கு முன் கையளவுக் குட்டிகளாக இரண்டு வந்தன. தலையைத் தூக்கிப் பார்த்த தோரணைக்கு ஒன்றுக்கு ராசா என்று நான்தான் பெயர் வைத்தேன். மற்றது எப்போதும் தண்ணீரிலேயே கிடந்ததால் மந்திரி. இரண்டும் ஒரே அடைப்பில்தான், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வரும். ராசா கொஞ்சம் முன்னால் வரும். எனக்கு அதில் ஒரு பெருமை உண்டு.

இன்று விடுமுறை. காலையில் எழுந்து பார்த்தால் தையல் மெஷின் கூடத்து ஜன்னலோரம் நிற்கிறது. அதற்குப் பின்னறையில் இடம் ஒதுக்கித் துடைத்து வைத்திருந்தேன். ஜன்னலோரம் என் நாற்காலியின் இடம்.

"இங்கதாங்க வெளிச்சம் வருது" என்றாள்.

"பின்னாடி டியூப்லைட் இருக்குதே."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஒப்புக்கொண்டாள் என்று எடுத்துக்கொண்டு மெஷினைப் பின்னறைக்கு நகர்த்தினேன். கனமான மெஷின். தனியாக எப்படி இழுத்து வந்தாளோ தெரியவில்லை.

ஜூன் 19, வியாழன்

இலைக்குப்பை. மெஷின் ஜன்னலுக்கு வந்துவிட்டது. இரண்டையும் எடுத்தேன்.

ஜூன் 20, வெள்ளி

ஏகாம்பரத்தோடு சண்டை. பூங்காவின் மரம் செடி எல்லாம் அவன் பொறுப்பு. ராசாவின் சுவருக்கு வெளியே நிற்கிற வாதாமரமும் அவனுடையதுதான். இலை தினமும் ஒரே மூலையில் குவிகிறது. காற்று அடித்தால் பரவலாகத்தானே விழும்? ஆள் வேலைதான் என்று எனக்கு உறுதி.

"உன் குப்பைய என் அடைப்புல கொட்டாத" என்றேன்.

"யோவ், என் மரம், என் இலை. எனக்கே எருக்குழிக்குப் பத்தல. அத தூக்கியாந்து உன் முதலைக்கு ஏன்யா போடப் போறேன்?"

"அப்போ இலை தானா நடந்து வருதா?"

"உன் சுத்தத்தப் பாக்கறதுக்கு வந்திருக்கும்" என்றான். பக்கத்தில் டிக்கெட் கொடுக்கும் பெண் சிரித்துவிட்டது. கூட்டிய இலையை அவன் எருக்குழியின் வாசலிலேயே கொட்டிவிட்டு வந்தேன்.

ஜூன் 26, வியாழன்

இன்று நடந்தது ஒன்பது வருஷத்தில் நடக்காதது. இலையைக் கூட்ட மூலைக்குப் போனேன். ராசா குழாய்க்குள் போகவில்லை. மாறாக வெளியே வந்தது. நாலு காலையும் ஊன்றி உடம்பைத் தூக்கி, காற்றை இழுத்து இழுத்து ஊதிக்கொண்டு, ஒன்றரை மடங்கு பெரிதாகிவிட்டது. வாய் திறந்தபடி ஒரு சீறல். குக்கர் விசில் வருவதற்கு முன்னால் ஒரு சத்தம் வருமே, அது போல, ஆனால் நிற்கவே இல்லை.

"ராசா, நான்தான்டா" என்றேன். சீறல் கூடியது. தடுப்புப் பலகையை முன்னால் பிடித்துக்கொண்டு கூட்டி முடித்தேன். மனசு சரியில்லை.

ஜூன் 29, ஞாயிறு

ஏகாம்பரம் காரணம் கண்டுபிடித்திருக்கிறான். "கல்யாணம் ஆனதுலர்ந்து உன் மேல வேற வாசனை அடிக்குது. மல்லிப்பூ, தேங்காண்ண, பொம்பளைங்க சோப்பு. ராசாவுக்கு ஆள் அடையாளம் தெரியல. இல்லாங்காட்டி பொறாமை."

அவன் சொல்வதை நான் எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் யோசித்தால் அதில் நியாயம் இருக்கிறது. ஆகவே என் பழைய சோப்புக்குத் திரும்பினேன். பூங்காச் சீருடையை அவள் புடவைகளோடு சேர்த்து ஊறவைக்க வேண்டாம், தனி வாளியில் துவைக்கலாம் என்று புனிதவல்லியிடம் சொன்னேன்.

"ஏன், என் வாசன அவ்ளோ மோசமா?" என்றாள்.

"மோசம்னு சொல்லல. முதலைக்கு ஒத்துக்கல."

இதில் கோபப்பட என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. சாயங்காலம் அவள் தலையில் பூ இல்லை. கவனித்தேன், ஆனால் கேட்கவில்லை.

ஜூலை 5, சனி

சாப்பாட்டு டப்பாவை மறந்து வந்துவிட்டேன். புனிதவல்லி பஸ் ஏறிக் கொண்டு வந்தாள். பூங்காவுக்கு அவள் வருவது முதல் தடவை. பெரிய முதலைகளைப் பார்க்கப் போவாள் என்று நினைத்தேன். ராசாவின் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டாள்.

"குட்டி இல்ல, அளவே அவ்ளோதான்" என்றேன்.

"நான் ஒண்ணும் கேக்கலியே."

நான் உள்ளே இறங்கி வேலை பார்த்தேன். குளத்தில் தண்ணீர் மாற்றினேன், மீன் போட்டேன். கடைசியில் துடைப்பத்தை எடுத்ததும் ராசா ஊதிக்கொண்டு வந்தது. மேலே ஏறி வந்தபின் அவள் சொன்னாள்.

"அது உங்கள பாத்து சீறலைங்க. தொடப்பத்த பாத்து சீறுது."

"துடைப்பம் ஒன்பது வருஷமா அதே துடைப்பம்தான்."

"அப்ப நீங்க வெறுங்கையோட போனப்ப ஏன் சும்மா இருந்துச்சு?"

ஒருமணி நேரம் பார்த்துவிட்டு முதலையைப் பற்றி அபிப்பிராயம் சொல்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வாதாடவில்லை. பஸ் ஸ்டாப் வரை கொண்டுபோய் விட்டேன். சாப்பாட்டில் வஞ்சிரம் வறுவல் வைத்திருந்தாள், மிக நன்றாக இருந்தது. அவளிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

ஜூலை 9, புதன்

மெஷினுக்கு அடியில் ஒரு தலையணை உறை நிறையத் துணித் துண்டுகள். கையகலம், விரலகலம், பலவண்ணத்தில். ரவிக்கை வெட்டி மிஞ்சியவை. குப்பை வண்டி வந்த நேரத்தில் போட்டேன்.

"அது குப்பைன்னு உங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்டாள்.

"தரையில கிடந்துது."

அவள் மூச்சை நீளமாக இழுத்தாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தேன். பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரவுச் சாப்பாடு வழக்கம்போல இருந்தது. ரசத்தில் உப்பு கொஞ்சம் கூட.

ஜூலை 12, சனி

கூட்டம் அதிகமான நாள். அத்தனை பேர் முன்னால் ராசா பாய்ந்து துடைப்பத்தைக் கவ்வியது. நான் விடவில்லை. அது துடைப்பத்தை விட்டு என் கம்பூட்ஸைக் கவ்வி உலுக்கியது. காலில் ஒன்றுமில்லை, பூட்ஸ் கிழிந்துவிட்டது. சின்ன வாய்தான், ஆனால் அந்தப் பிடி இரும்புப் பிடி. மேலே பிள்ளைகள் அலறினார்கள். ஒருவர் போனில் படம் பிடித்தார்.

மேனேஜர் சார் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர், கத்தவில்லை. "குணம் மாறிப்போன மிருகத்த பொதுமக்கள் பாக்கற இடத்துல வெக்க முடியாது, தணிகாசலம். வடக்க ஒரு பூங்காவுல இந்த இனம் கேட்டுக்கிட்டே இருக்காங்க. ஆகஸ்ட் முதல் வாரம் அனுப்பிடலாம். மந்திரி இங்கயே இருக்கட்டும்" என்றார்.

"சார், எனக்கு ஒரு மாசம் குடுங்க" என்றேன்.

"மாசம் இருக்குதே. அதுக்குள்ள சரியாச்சுன்னா பாக்கலாம்."

ராசா போய்விடப்போகிறது. இதை யாரிடம் சொல்வது? வீட்டுக்கு வந்து சொல்லலாம் என்றுதான் வந்தேன். பின்னறைக் கதவு சாத்தியிருந்தது, மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

ஜூலை 16, புதன்

நாளை ஆடி பிறக்கிறது. புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போக மச்சினன் சரக்கு வேன் எடுத்துக்கொண்டு வந்தான். ஒரு பெட்டிக்கு எதற்கு வேன் என்று நினைத்தேன். பிறகுதான் அவனும் டிரைவருமாக மெஷினைத் தூக்கினார்கள்.

"ஒரு மாசத்துக்கு மெஷின் எதுக்கு?" என்று கேட்டேன்.

"அங்க ஜன்னல் இருக்குது" என்றாள்.

வாசல்வரை போனேன். அரிசி எங்கே, பருப்பு எங்கே என்று சொன்னாள். எனக்குத் தெரியாதா, எல்லாம் நான் வைத்த இடத்தில்தானே இருக்கிறது. வேன் திரும்பும்வரை நின்றேன்.

ஜூலை 18, வெள்ளி

வீடு சுத்தமாக இருக்கிறது.

ஜூலை 20, ஞாயிறு

வீடு ரொம்பச் சுத்தமாக இருக்கிறது. கூட்டுவதற்கு ஒன்றுமில்லை. இருந்தாலும் கூட்டினேன். கதவிடுக்கில் ஒரு மஞ்சள் துணித் துண்டு கிடைத்தது. அலமாரியில் வைத்திருக்கிறேன்.

ஜூலை 27, ஞாயிறு

ராசாவைச் சமாதானப்படுத்த எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். பழைய சோப்பு, பழைய சட்டை, நேரம் மாற்றி மீன். மூலைக்குப் போகாதவரை சாதுவாக இருக்கிறது. பெயர் சொன்னால் வருகிறது, கையிலிருந்து மீனை மெதுவாக வாங்குகிறது. மூலையில் கால் வைத்தால் வேறு பிராணி. ஆனால் மூலையில்தானே குப்பை?

பூ வாசனை போய் நாலு வாரம் ஆகிறது. அப்படியும் சீறுகிறது. ஏகாம்பரத்தின் கண்டுபிடிப்பு தப்பு என்று இப்போது தெரிகிறது. புனிதவல்லியிடம் சொல்லலாம் என்று போனை எடுத்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

மரப்பெட்டி வந்தது. காற்றுத்துளை, உள்ளே ஈரச்சாக்கு எல்லாம் நானே சரிபார்த்தேன். பிறத்தியார் வைத்தால் எனக்குத் திருப்தி வராது. ராசாவை நானும் ஏகாம்பரமும் பிடித்தோம். வாயைக் கட்டிக் கண்ணில் துணி போட்டதும் அமைதியாகிவிட்டது. என் முழங்கால்களுக்கிடையே அந்த எலும்பு முதுகு ஏறி இறங்கியது. நான் அழவில்லை. ஏகாம்பரம் கேட்டதற்கு வியர்வை என்றேன்.

அனுப்புமுன் சான்றிதழுக்காகக் கால்நடை டாக்டர் மெஹருன்னிசா சோதித்தார். கையுறை போட்டு வாலடியில் பார்த்தவர், நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"இது ஆணா?" என்றார்.

"ராசா, டாக்டரம்மா."

"பேர கேக்கல. இது பொண்ணு."

ஒன்பது வருஷம். நான் ராசா என்றேன், எல்லாரும் ஆண் என்று நம்பினார்கள். யாரும் வாலடியில் பார்க்கவில்லை. டாக்டர் ஸ்கேன் மெஷினைக் கொண்டுவரச் சொல்லி வயிற்றில் வைத்துப் பார்த்தார். அதில் வட்ட வட்டமாகத் தெரிந்தது. முட்டைகள். மந்திரி குளத்தில் ஒன்றும் தெரியாதவன் போலக் கிடந்தான்.

"இத இப்ப அனுப்ப முடியாது சார்" என்று மேனேஜரிடம் சொன்னார். பிறகு என்னிடம் கேட்டார். "இந்த இனம் இலையையும் மண்ணையும் மேடா குவிச்சு அதுக்குள்ள முட்டை வெக்கும். யார் கிட்ட வந்தாலும் எதுத்து நிக்கும். அடைப்புல எங்கயாவது அப்படிக் குவியல் பாத்தீங்களா, தணிகாசலம்?"

எத்தனை குவியல். எதையும் சும்மா விடாத ஏகாம்பரம் என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டான். அவன் கிண்டல் செய்திருந்தால் தேவலை.

ராசாவைத் திரும்ப அடைப்பில் விட்டோம். நேராகக் குழாய்க்குள் போய்விட்டது. மூலை வெறும் தரையாக, பளபளவென்று இருந்தது. காலையில் நான்தான் கூட்டியிருந்தேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஏகாம்பரத்திடம் போய் இலை கேட்டேன்.

"யாரோட இலை?" என்றான்.

"உன் இலை."

"குப்பைன்னு சொன்ன?"

"இலை."

"அப்படி மரியாதையா கேளு. கூடைக்கு ஒரு டீ" என்றான். ஆறு கூடை ஈர இலை, இரண்டு கூடை மண், அவனே தூக்கி வந்தான். டீயும் அவனே வாங்கிக் கொடுத்தான். மந்திரியை வேறு குளத்துக்கு மாற்றினோம். இலைகளை மூலையில் கொட்டிவிட்டு ராசா வருமா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். வரவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

லீவு நாள்தான், இருந்தாலும் பூங்காவுக்குப் போனேன். இலை கொட்டியபடியே கிடக்கிறது. ராசா குழாயைவிட்டு வருவதில்லை. மீனும் வேண்டாமாம். முட்டை வைக்க இடமில்லை என்று நினைத்துத் தண்ணீரில் போட்டுவிட்டால் எல்லாம் வீண் என்று டாக்டர் சொல்கிறார். அன்றன்றைக்கு வந்து கலைத்தால் யார்தான் எத்தனை தடவை கட்டுவார்கள்?

வீட்டுக்கு வந்து ஜன்னலோரத்தில் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். அங்கே வெளிச்சம் நன்றாக வருகிறது. நூல் கோப்பதற்குத் தோதான வெளிச்சம்தான். நாற்காலியையும் டீப்பாயையும் பின்னறைக்கு மாற்றினேன். அந்த இடத்தைத் துடைக்கவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

லீவு போட்டுவிட்டு மதுராந்தகம் போனேன். ஆடியில் மாப்பிள்ளை அழைக்காமல் வந்து நிற்கக் கூடாதாம். மாமியாருக்குக் கை கால் ஓடவில்லை. "வாசப்படி ஏறாதீங்க மாப்ள, ஆவணி பொறந்ததும் வாங்க, ஒரு நிமிஷம் இருங்க, காப்பி குடிங்க" என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டுக் காப்பி கொடுத்தார்கள். காப்பியைக் கொடுத்துக்கொண்டே, "ஒட்டு வெச்சு ரெண்டு பேருக்கும் போர்வ தைக்கணும்னு கல்யாணத்துக்கு முந்தி இருந்தே துண்டு சேத்துக்கினு இருந்தா" என்று சொன்னார். எந்தத் துண்டு என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

அவள் ஜன்னலுக்கு உள்ளே மெஷினில் இருந்தாள். நான் வெளியே மரத்தடியில். அப்படியேதான் பேசினோம்.

"ராசா பொண்ணாம்" என்றேன்.

மெஷின் நின்றது.

"தொடப்பத்த பாத்துதான் சீறியிருக்குது. நீ சொன்னதுதான் சரி. கூடு கட்டியிருக்குது, நான் தினம் கலைச்சிருக்கேன்."

"இப்ப தொடப்பம் எங்க?"

"ஏகாம்பரத்துகிட்ட குடுத்துட்டேன். இலையும் கொட்டிட்டேன். ஆனா அது வர மாட்டேங்குது."

"இலைய கொட்டிட்டு அங்கயே நிக்கிறீங்களா?"

"ஆமா."

"நின்னுகினு இருந்தா எப்படி வரும்?" என்றாள். "கொஞ்ச நாள் அந்தப் பக்கம் போகாதீங்க. அதுக்கே தோணணும், இது நம்ம இடம்னு."

காப்பியைக் குடித்து முடித்தேன். ஆறிப்போயிருந்தது. சொல்ல வந்தது இன்னும் சொல்லவில்லையே என்று இருந்தது. பஸ்ஸில் வரும்போது அழகாகக் கோத்து வைத்திருந்த வார்த்தை ஒன்றும் வாயில் வரவில்லை.

"நீ இல்லாம வீடு வீடா இல்ல. ஜன்னலாண்ட இடம் காலியா இருக்குது" என்றேன்.

அவள் துணியைத் திருப்பிப் போட்டாள். "பாத்துப் போங்க, மழ வர மாதிரி இருக்குது" என்றாள். மழை வரவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

அந்தப் பக்கம் போகவில்லை. மீனை ஏகாம்பரம் போடுகிறான். நான் போன் எதுவும் செய்யவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

ஏகாம்பரம் ஓடிவந்தான். அவன் ஓடி நான் பார்த்ததில்லை. "யோவ், வா. தூரத்துலர்ந்து பாரு" என்றான். மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ராசா பின்னங்கால்களால் இலையை வாரி வாரித் தள்ளிக்கொண்டிருந்தது. மேலே ஏறி வயிற்றால் அமுக்கி, சுற்றிவந்து, மறுபடி வாரி. மூலையில் முழங்கால் உயரத்துக்கு மேடு. எவ்வளவு அசிங்கமாக, கோணலாக, மண்ணும் சேறுமாக இருந்தது. நான் பார்த்ததில் அதைவிட அழகான குப்பை கிடையாது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்தது. யாரும் வரவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ராசா முட்டை வைத்துவிட்டது என்று டாக்டர் சொல்கிறார். மேட்டின் மேல் தாடையை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறது. அதை எங்கும் அனுப்பப்போவதில்லை என்று சொன்ன மேனேஜர் சார் ஒரு பலகையும் வைத்துவிட்டார். 'தாய் முதலை காவல் காக்கிறது, சத்தம் போடாதீர்கள்.' இப்போது கூட்டம் பெரிய முதலைகளை விட்டுவிட்டு இங்கே நிற்கிறது.

வீட்டுக்கு யாரும் வரவில்லை. ஜன்னலோரத்தில் தூசி படிந்திருக்கிறது. தொடவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

வேலையிலிருந்து வந்தேன். தெருமுனையில் வேன் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. வாசலில் நிற்கும்போதே மெஷின் சத்தம் கேட்டது. உடனே உள்ளே போகவில்லை. செருப்பைக் கழற்றுவதற்கு வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டேன்.

மெஷின் ஜன்னலோரத்தில் இருந்தது. அவள் நிமிரவில்லை. தலையில் மல்லிகைச் சரம்.

"உங்க நாற்காலி எங்க?" என்றாள்.

"பின்னாடி."

"முதலைக்கு இந்தப் பூ ஒத்துக்குமா?"

"ஒத்துக்கும்" என்றேன். அலமாரியிலிருந்து அந்த மஞ்சள் துண்டை எடுத்து மெஷின்மேல் வைத்தேன். "இது ஒண்ணுதான் மிஞ்சுச்சு. போர்வைக்கு."

அவள் அதை எடுத்து நீவிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். கல்யாணம் ஆனதிலிருந்து இந்த வீட்டில் அவள் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது இதுதான் முதல். எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

நவம்பர் 23, ஞாயிறு

இடையில் எழுத நேரமில்லை. தீபாவளித் தையல் கூடம் முழுக்க நிரம்பியிருந்தது. பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக் கொடுப்பது என் வேலையாகிவிட்டது, ஓரளவு நன்றாகவே எடுக்கிறேன்.

இன்று காலை மழையில் ஏகாம்பரம் போன் செய்தான். நானும் புனிதவல்லியும் ஒரே குடையில் போய்ச் சேர்ந்தோம். மேட்டுக்குள்ளிருந்து தவளை கத்துவது போலச் சின்னச் சின்னக் குரல்கள். ராசா மேட்டைத் தானே கிளறித் திறந்தது. ஒரு சாண் நீளத்தில் குட்டிகள், வாலில் கறுப்புப் பட்டையோடு. என் பூட்ஸைக் கிழித்த அதே வாயில் ஒவ்வொன்றாக எடுத்து, நோகாமல், தண்ணீரில் கொண்டுபோய் விட்டது.

நாங்கள் சுவரை ஒட்டி ஒரு எட்டு முன்னால் போனோம். அவ்வளவுதான். ராசா திரும்பி, உடம்பை ஊதிக்கொண்டு சீறியது. ஒரு குட்டியும் தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கி, இருக்கிற காற்றையெல்லாம் இழுத்து ஊதிக்கொண்டு வாயைத் திறந்தது. சத்தம்கூட வரவில்லை.

"இப்பதான் கையில தொடப்பம் இல்லியே. அப்பவும் சீறுதே" என்றேன்.

"சீறட்டும்" என்றாள். "அது வீடு. பேர மாத்துவீங்களா?"

"ராசான்னாதான் வருது. இருக்கட்டும்."

இப்போது சாயங்காலம். மழை விடவில்லை. கூடத்தில் மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது, நான் பின்னறையில் டியூப்லைட்டின் கீழே நாற்காலி போட்டு இதை எழுதுகிறேன். இங்கே வெளிச்சம் போதவில்லைதான். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கே போய்விடப் போகிறேன். தரை முழுக்கத் துணித் துண்டுகளாகக் கிடக்கும். பார்த்துத்தான் காலை வைக்க வேண்டும்.